டிங்கோக்களுக்கு மீட்புக் காப்பகம் நடத்துவது எப்படிப்பட்ட வேலை?

கேள்வி கேட்டவர் தன்னை நாய்ப் பிரியர் என்று சொல்லியிருக்கிறார். ஆஸ்திரேலியாவில் கொஞ்சம் நிலம் வாங்கி, அந்த நாட்டுக் காடுகளில் வாழும் நாய் இனமான டிங்கோக்களுக்கு ஒரு காப்பகம் தொடங்கலாமா என்று கேட்கிறார். நான் காப்பகம் நடத்துபவன் இல்லை. நியூ சவுத் வேல்ஸில் வயதான தம்பதி நடத்தும் ஒரு சிறிய காப்பகத்தில் வார இறுதிகளில் கூடமாட வேலை செய்கிறவன். அங்கே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: நாய் பிடிக்கும் என்பது இதற்குத் தகுதியே இல்லை, சில நேரம் இடைஞ்சலும்கூட. வேலையில் பாதி வேலி. கொஞ்சம் இறைச்சி வெட்டுவது. மீதியெல்லாம் போனில் "இடமில்லை, மன்னிக்கணும்" என்று சொல்வதுதான்.

காட்டில் அடிபட்டுக் கிடப்பதைத் தூக்கிவந்து காப்பாற்றுவார்கள் என்றே பலரும் நினைக்கிறார்கள். அப்படியும் வரும். ஆனால் எங்களிடம் பெரும்பாலானவை வந்தது வீடுகளிலிருந்து. டிங்கோ வருடத்துக்கு ஒரு முறைதான் குட்டி போடும், அதுவும் இங்கே குளிர்காலத்தில். தாய் துப்பாக்கிக்கோ விஷத்துக்கோ போய்விட, குட்டியைக் கொல்ல மனம் வராமல் யாராவது ஜாக்கெட்டுக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். இரண்டு மாதத்தில் நம்ம ஊர் செவலைக் குட்டிக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது. விக்டோரியாவில் டிங்கோ வளர்க்க உரிமம் வேண்டும். குயின்ஸ்லாந்தில் வீட்டில் வளர்க்கக் கூடாது. டாஸ்மேனியாவுக்குள் கொண்டுபோகவே முடியாது. நியூ சவுத் வேல்ஸிலோ தனி உரிமம் எதுவும் கேட்பதில்லை, ஆசைப்பட்டால் போதும். ஆறேழு மாதத்தில் சோபா கிழியும், பக்கத்து வீட்டுக் கோழி காணாமல் போகும், ஆறடி வேலியில் கால் வைத்து ஏறித் தெருவுக்குப் போய்விடும். உள்ளாட்சிக் கவுன்சில்காரர்கள் பிடித்து அடைப்பார்கள். அப்புறம்தான் காப்பகத்துக்கு போன் வரும்.

"பெரிதானதும் காட்டில் விட்டுவிடலாமே" என்று வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். விட முடியாது. இந்த மாநிலத்தின் 2015 உயிரிப் பாதுகாப்புச் சட்டப்படி, காட்டு நாய்களைக் கட்டுப்படுத்துவது நிலத்துக்காரரின் கடமை. அந்தக் 'காட்டு நாய்' கணக்கில் டிங்கோவும் அடக்கம். போதாததற்கு '1080' என்ற விஷத்தை இறைச்சித் துண்டுகளில் வைத்துக் காடு முழுக்கப் போடுகிறார்கள். இதே விஷம் மேற்கு ஆஸ்திரேலியாவின் சில செடிகளில் இயற்கையாகவே இருப்பதால் அந்தப் பக்கத்து விலங்குகள் பல அதைத் தாங்கும். நாய் வகைக்குத் தாங்காது, மாற்று மருந்தும் கிடையாது. மனிதர் கையால் சாப்பிட்டு வளர்ந்த டிங்கோ, துப்பாக்கியோடு நிற்பவரையும் நம்பி நேரே நடந்து போகும். ஆகவே உள்ளே வந்தது சாகும் வரை உள்ளேதான். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பதினைந்து வருடம்கூட இருக்கும். உங்களுக்கு இப்போது ஐம்பது வயது என்றால், கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இனி வேலி. டிங்கோ ஆட்டுப் பக்கம் வராமல் தடுக்க 5,600 கிலோமீட்டர் நீளத்துக்கு வேலி கட்டிவைத்திருக்கிற நாடு இது. அதிலேயே வெள்ளமும் ஒட்டகமும் அவ்வப்போது ஓட்டை போட்டுவிடுகின்றன. நம் வேலி எம்மாத்திரம்! சாதாரண நாய்க்கு முன்னங்கால் மணிக்கட்டு இந்த அளவுக்குத் திரும்பாது. டிங்கோவுக்குத் திரும்பும். அதனால் கம்பி வலையில் பாதத்தை மாட்டி ஏணி ஏறுவது மாதிரி ஏறுகிறது. மேலே வலையை உள்பக்கமாகச் சாய்த்துக் கட்ட வேண்டும். கீழே தோண்டாமல் இருக்க, உள்பக்கத் தரையிலும் வலையை விரித்துப் புதைக்க வேண்டும். கூண்டுக்குள் நிழல் மரம் வேண்டும், ஆனால் வேலிக்கு அருகில் இருக்கக் கூடாது. கதவு இரண்டு: ஒன்றை மூடிய பிறகுதான் அடுத்ததைத் திறக்கலாம்.

எங்களிடம் ஒரு செவலைப் பெண் டிங்கோ இருக்கிறது. கதவுக்குப் பக்கத்தில் சும்மா படுத்திருக்கும். நம் முகத்தைப் பார்க்கிறது என்று நினைப்போம், அது பார்ப்பது நம் கையை. ஒரு நாள் எல்லோரும் தண்ணீர்த் தொட்டி கழுவிக்கொண்டிருந்தபோது, மூக்கை வலை இடுக்கில் நுழைத்துத் தாழ்ப்பாளின் கைப்பிடியைப் பல்லால் தூக்கி, பாதத்தால் தள்ளிவிட்டது. இரண்டாவது கதவு இருந்ததால் தப்பித்தோம். அன்றிலிருந்து எல்லாக் கதவுக்கும் தாழ்ப்பாளோடு பூட்டும் உண்டு. புயல் அடித்த மறுநாள் காலை, டீ போடுவதற்கு முன் வேலியைச் சுற்றி நடந்துவிட வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம்.

இணை சேரும் காலம் இங்கே இலையுதிர்காலத்தில் வரும். அதற்கு முன்னாலேயே குணம் மாறிவிடும். நேற்றுவரை சேர்ந்து படுத்த இரண்டு பெண் டிங்கோக்கள் இன்று ரத்தம் வரக் கடித்துக்கொள்ளும். அதனால் ஆணும் பெண்ணுமாக ஜோடி சேர்த்துத்தான் வைக்கிறார்கள், கருத்தடை செய்து. தனியாக விட்டால் டிங்கோ வாடிப்போகும். ஆனால் ஜோடியையும் நாம் முடிவு செய்துவிட முடியாது. புதிதாக வந்ததைப் பக்கத்துக் கூண்டில் வாரக்கணக்கில் வைத்து, வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முதுகை ஒட்டிப் படுக்கிறதா என்று பார்த்துக் காத்திருக்க வேண்டும்.

சாப்பாடு விஷயத்தில் நம்மவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தயிர்சாதம் போட்டு வளர்க்கலாம் என்று நினைக்காதீர்கள். மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு வீட்டு நாய்களில் பலவற்றுக்கு நிறையப் பிரதிகள் இருக்கும். டிங்கோவுக்கு ஒன்றே ஒன்றுதான் என்று 2022-இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. கங்காரு இறைச்சி, எலும்போடு கோழி, இதுதான் அன்றாடம். ஆட்டின் ஈரல், நுரையீரலைப் பச்சையாகப் போடவே கூடாது, அதில் நாடாப்புழுக் கட்டிகள் இருக்கலாம். அந்தப் புழு நாய் வழியாக மனிதருக்கும் வரும். தடுப்பூசி, இதயப்புழு மருந்து எல்லாம் மற்ற நாய்களைப் போலத்தான். ஆனால் டிங்கோவைத் தொட்டுப் பார்க்கத் தயாராக இருக்கும் கால்நடை மருத்துவரை முதலில் தேடிப் பிடிக்க வேண்டும்.

வீட்டு நாயோடு கலந்ததா, அசலா என்ற சண்டை இன்னொரு பக்கம். 2019-இல் விக்டோரியாவின் வாண்டிலிகாங் என்ற ஊரில் ஒரு வீட்டுக் கொல்லையில் காயத்தோடு ஒரு குட்டி கிடைத்தது. கழுகு தூக்கிவந்து நழுவவிட்டிருக்க வேண்டும் என்றார்கள். மரபணுச் சோதனையில் கலப்பில்லாத டிங்கோ என்று தெரிந்ததும் டூலர்ன் வேல் காப்பகத்துக்குப் போய் 'வாண்டி' என்ற பெயரில் பிரபலமாகிவிட்டது. எல்லாக் குட்டிக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. காட்டில் திரிவதெல்லாம் கலப்பு நாய்தானே, கொன்றால் என்ன என்பது வெகுகால வாதம். 2023-இல் வந்த ஆய்வு, பழைய சோதனை முறை கலப்பின் அளவைக் கூட்டிக் காட்டியது என்றும் காட்டில் இருப்பவற்றில் பெரும்பாலானவை அசல் டிங்கோதான் என்றும் சொன்னது. சட்டம் இன்னும் அதற்குச் சரியாக இறங்கிவரவில்லை. விக்டோரியாவில் டிங்கோ 2008 முதல் அருகிவரும் இனங்களின் பட்டியலில் இருக்கிறது, அதே மாநிலத்தின் கிழக்கில் பண்ணைகளை ஒட்டிய பகுதிகளில் கொல்லவும் அனுமதி இருக்கிறது. எனக்கு இது சுத்த அபத்தமாகத்தான் தெரிகிறது.

டிங்கோ தமிழரோடு கப்பலில் போன நாட்டு நாய் என்று வாட்ஸப்பில் சுற்றுவதையும் கேட்டிருப்பீர்கள். சுமார் 4,000 வருடங்களுக்கு முன் இந்தியாவிலிருந்து மக்கள் அங்கே போயிருக்கலாம் என்று 2013-இல் ஒரு ஆய்வு வந்தது உண்மை. 2016-இல் வந்த ஆய்வில் அதற்கு ஆதரவு கிடைக்கவில்லை. டிங்கோவின் நெருங்கிய சொந்தம் நியூ கினியின் பாடும் நாய். சரி, அது போகட்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் தொடங்கத்தான் வேண்டும் என்றால், நிலத்தின் விலையைப் பார்க்கும் முன் பக்கத்து நிலத்தில் ஆடு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே இரவில் இருபது ஆடுகள் கடிபட்டதைப் பார்த்த பண்ணைக்காரரிடம் டிங்கோவின் அருமை பெருமை பேசிப் பயனில்லை, அவர் நஷ்டமும் நிஜம். எங்கள் காப்பகத்தில் வேலியில் ஓட்டை கண்டால் முதல் போன் அக்கம்பக்கத்து ஆட்டுக்காரருக்குப் போகும். அந்த நம்பிக்கை கெட்டால் கவுன்சிலில் ஒரே ஒரு புகார் போதும், கதை முடிந்தது. மாலையில் ஒன்று ஊளையிட ஆரம்பித்தால் எல்லாம் சேர்ந்துகொள்ளும், அதையும் பக்கத்து நிலத்துக்காரர்தான் கேட்டுச் சகித்துக்கொள்ள வேண்டும்.

அதற்கும் முன்னால், நடந்துகொண்டிருக்கும் ஏதாவது ஒரு காப்பகத்தில் ஜூலையிலிருந்து அக்டோபர் வரை தன்னார்வலராகச் சேருங்கள். குட்டிக்குப் பால் கொடுக்கும் வேலையைக் கேட்காதீர்கள், அதற்குப் பத்துப் பேர் வரிசையில் நிற்பார்கள். போன் எடுக்கும் வேலையைக் கேட்டு வாங்குங்கள்.