முகம் எரியுதா? முதல்ல போடறத எல்லாம் நிறுத்துங்க – வாசகர் கேள்வி, தோல் டாக்டர் பதில்

இந்த மாசம் வந்த கேள்விகள்ல கன்னம் எரியுது, முகம் செவக்குது, எது போட்டாலும் சுருக்குனு குத்துதுன்னு எழுதினவங்க தான் அதிகம். கத்திரி வெயில் நேரம், இப்படி வரத்தான் செய்யும். அதனால மத்த கேள்விய அடுத்த இதழுக்கு தள்ளி வச்சுட்டு இந்த தடவை ரோசேசியாங்கற, முகம் செவந்து எரியற தோல் பிரச்சனை பத்தி மட்டும் பேசிடலாம்.

டாக்டர், எனக்கு 38 வயசு. கொஞ்ச நாளாவே அடுப்படில நின்னாலும் வெயில்ல போயிட்டு வந்தாலும் கன்னமும் மூக்கும் திகுதிகுன்னு எரியுது, செவந்து போயிடுது, இப்ப சின்ன சின்னதா பரு வேற. மஞ்சள், கடலை மாவு, எலுமிச்சை, முல்தானி மட்டி, கத்தாழைன்னு ஆளாளுக்கு சொன்னது எல்லாம் போட்டு பார்த்தாச்சு. இப்ப வெறும் தண்ணி பட்டாலே எரியுது. என்ன தான் போடறது?
– வாசகி, ஈரோடு

அம்மா, நீங்க எழுதின அந்த லிஸ்ட்ல இருக்கிற அத்தனையும் இன்னைக்கே நிறுத்திடுங்க. ஒண்ணு விடாம. ஒரு மாசத்துக்கு முகத்துல எதுவும் அரைச்சு பூச வேணாம், தேய்க்க வேணாம், ஆவி பிடிக்க வேணாம்.

நேர்ல பாக்காம உறுதியா சொல்லக் கூடாது, ஆனா நீங்க சொல்றத வச்சு பார்த்தா ரோசேசியாவா இருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம். கன்னம், மூக்கு, நெத்தி நடுவுல, தாடை, இந்த இடங்கள்ல இருக்கிற சின்ன ரத்தக் குழாய்ங்க சூடு பட்டதும் சட்டுனு விரிஞ்சுடும், முகம் கொதிக்கிற மாதிரி இருக்கும், முதல்ல வந்து வந்து போகும், கவனிக்காம விட்டா அந்த செவப்பு போகாம அங்கயே தங்கிடும். கூடவே பரு மாதிரி வரும், ஆனா முகப்பருவுல இருக்கிற கரும்புள்ளி வெண்புள்ளி இதுல இருக்காது, அத வச்சு தான் நாங்க ரெண்டையும் பிரிச்சு பாக்கறோம். பெரும்பாலும் 30 வயசுக்கு மேல ஆரம்பிக்கும். தொத்து கிடையாது. முகம் சரியா கழுவாததால வர்றதும் கிடையாது, அழுக்குன்னு நினைச்சு தேய்ச்சு தேய்ச்சு கழுவறவங்களுக்கு தான் எரிச்சல் கூடுது.

ஏன் தண்ணி பட்டாலே எரியுதுன்னா, தோலோட மேல் அடுக்கு உங்களுக்கு சேதமாகி கெடக்கு. நல்ல தோலோட பிஹெச், அதாவது அமில-கார அளவு, 5 ஒட்டி இருக்கும், எலுமிச்சை சாறு 2 பக்கம், சாதாரண குளியல் சோப்பு 9ல இருந்து 10 வரைக்கும் போகும், காலைல சோப்பு சாயங்காலம் எலுமிச்சைன்னு மாத்தி மாத்தி பட்டா அந்த அடுக்கு எப்படி ஆறும் சொல்லுங்க. கடலை மாவும் முல்தானி மட்டியும் காய்ஞ்சதும் தோல இழுக்கும், அத தேய்ச்சு எடுக்கறப்ப உராயும். கத்தாழை நல்லது தானேன்னு நிறைய பேர் கேக்கறாங்க, வெட்டினதும் கத்தாழை தோலுக்கு அடியில இருந்து மஞ்சளா ஒரு பால் வடியுமே, அது அரிப்பு தர்ற பொருள், வீட்ல வெட்டி போடறவங்க அத முழுசா கழுவி எடுக்கறதில்ல.

எரியற நேரத்துக்கு ஒண்ணு சொல்றேன். பழைய மெல்லிய பருத்தி துணி, பானை தண்ணில நனைச்சு பிழிஞ்சு, 5லேர்ந்து 10 நிமிஷம் முகத்து மேல சும்மா போட்டு வச்சு எடுங்க, அழுத்தவோ துடைக்கவோ வேணாம். ஐஸ் கட்டிய நேரா வைக்காதீங்க, அது தோல புண்ணாக்கிடும், எடுத்ததும் சில பேருக்கு முன்னவிட அதிகமா செவக்கும்.

தினசரிக்கு மூணே பொருள் போதும். சோப்புக்கு பதிலா வாசனை இல்லாத மைல்டு கிளென்சர், விரல் நுனியால தடவி சாதா தண்ணில கழுவி துண்டால ஒத்தி எடுங்க. முகம் லேசா ஈரமா இருக்கும்போதே கிளிசரின், செராமைடு இருக்கிற மாய்ஸ்சரைசர். பகல்ல ஜிங்க் ஆக்ஸைடு போட்ட சன்ஸ்கிரீன், எஸ்பிஎஃப் 30க்கு குறையாம. இதுலயும் எல்லாத்தையும் ஒரே நாள்ல வாங்கி ஒண்ணா ஆரம்பிக்காதீங்க, எது ஒத்துக்கலைன்னு அப்புறம் கண்டுபிடிக்கவே முடியாது. ஒவ்வொண்ணா காதுக்கு கீழ, தாடை ஓரத்துல சில நாள் தடவி பார்த்துட்டு அப்புறம் முகத்துக்கு வாங்க. லேபிள்ல மெந்தால், கற்பூரம், யூகலிப்டஸ், ஆல்கஹால்னு இருந்தா வைச்சுட்டு வந்துடுங்க. தலைவலி தைலம் தேய்க்கிற பழக்கம் இருந்தா அதுவும் இதே கணக்கு தான், நெத்தில தடவினது கன்னம் வரைக்கும் வேலை காட்டும்.

அடுப்படிய விட முடியாதுன்னு எனக்கு தெரியும். எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்க, டேபிள் ஃபேன் காத்து அடுப்பு தீயில படாம முகத்துல படற மாதிரி பக்கவாட்டுல வைங்க, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி சமையல முடிச்சுட்டா இன்னும் நல்லது. மிளகாய் தாளிக்கிற வேலைய வீட்ல வேற யாராவது ஒருத்தர் செய்யட்டுமே, தினமும் நீங்களே தான் அந்த நெடிய வாங்கணுமா?

எனக்கு 20 வயசு. ஃப்ரெண்ட் சொன்னான்னு மெடிக்கல்ல ஒரு கலர் க்ரீம் வாங்கி பல மாசமா போட்டுட்டு வரேன். முதல்ல சூப்பரா இருந்துச்சு, இப்ப ஒரு நாள் போடலைன்னா கூட முகம் செவந்து எரியுது, பரு வருது, கன்னத்துல நூல் மாதிரி ரத்தக் கோடு தெரியுது. திரும்ப போட்டா சரியாயிடுது. போட்டுக்கிட்டே இருக்கலாமா?
– கல்லூரி மாணவி, மதுரை

வேணாம்மா. தயவு செஞ்சு வேணாம். அந்த ட்யூப்ப எடுத்து பின்னாடி சின்ன எழுத்துல என்ன இருக்குன்னு படி. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், ஃப்ளுவோசினோலோன், இதுல எந்த பேர் இருந்தாலும் அது ஸ்டீராய்டு. ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் கூட சேர்த்து ஒரே க்ரீமா வர்றதும் உண்டு, அத மங்குக்காக டாக்டர் கொஞ்ச நாளைக்கு மட்டும் எழுதித் தர்றது வழக்கம், கலர் வர்றதுக்குன்னு மாசக்கணக்குல போடற க்ரீம் இல்ல அது.

ஸ்டீராய்டு ரத்தக் குழாய சுருக்கும், வீக்கத்த அமுக்கும், அதான் முதல் சில வாரம் முகம் பளிச்சுன்னு தெரியுது. உள்ளுக்குள்ள தோல் மெலிஞ்சுக்கிட்டே போகும். நீ பாக்கற அந்த நூல் மாதிரி கோடு விரிஞ்சு போன ரத்தக் குழாய் தான். நிறுத்தினதும் அமுக்கி வச்சதெல்லாம் ஒரேயடியா கிளம்பும், பயந்து போய் திரும்ப போடுவாங்க, திரும்ப அடங்கும், இப்படியே சுத்திக்கிட்டு இருக்க வேண்டியது தான். ஸ்டீராய்டால வர்ற ரோசேசியான்னு இதுக்கு பேரு. உன்ன மாதிரி எத்தனையோ பிள்ளைங்க வராங்க. 2011ல வெளியான ஒரு ஆய்வுல, நாடு முழுக்க 12 தோல் மருத்துவ மையங்களுக்கு முகப் பிரச்சனைன்னு வந்த 2926 பேர்ல 433 பேர் முகத்துல ஸ்டீராய்டு போட்டுக்கிட்டு இருந்தவங்க, அதாவது கிட்டத்தட்ட ஏழு பேருக்கு ஒருத்தர். தோல் டாக்டர்கள் சங்கம் தொடர்ந்து போராடின பிறகு 2018ல மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு மருந்துகள ஷெட்யூல் எச் பட்டியல்ல கொண்டு வந்துச்சு, டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாது. ஆனா இன்னைக்கும் பேர் சொல்லி கேட்டா கைல எடுத்துக் குடுக்கிற கடைங்க இருக்கு, எனக்கு உண்மையிலேயே வயிறு எரியுது.

இந்த வாரமே தோல் டாக்டர்கிட்ட போ, அந்த ட்யூப்பையும் கைல எடுத்துட்டு போ, எவ்வளவு நாளா போட்டன்னு மறைக்காம சொல்லு. சில பேருக்கு ஒரேயடியா நிறுத்தி கூடவே மாத்திரை தருவாங்க, சில பேருக்கு வீரியம் குறைஞ்ச மருந்துக்கு மாத்தி கொஞ்சம் கொஞ்சமா இறக்குவாங்க. நிறுத்தின பிறகு சில வாரம், சில பேருக்கு சில மாசம் கூட, முகம் இப்ப இருக்கிறத விட மோசமா தெரியும். அத முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டா அந்த நேரத்துல திரும்ப ட்யூப்ப தேட மாட்ட. முகத்துல ஈரப்பதம், வெயில்ல இருந்து பாதுகாப்பு, குளிர்ந்த துணி, அவ்ளோ தான், மேல வேற எதுவும் வேணாம். உன் கலர்ல ஒரு குறையும் இல்லம்மா, அந்த க்ரீம் வாங்கச் சொன்ன ஃப்ரெண்டும் அதையே தான் போட்டுக்கிட்டு இருப்பா, அவளையும் கூட்டிட்டு போ.

நான் நல்ல கருப்பு. உப்பளத்துல வேலை. முகம் எரியுது, சூடா இருக்கு, ஆனா யாருக்கும் செவப்பு தெரியல. கருப்பா இருக்கிறவங்களுக்கு ரோசேசியா வராதுன்னு ஒருத்தர் சொன்னாரு. உண்மையா?
– வாசகர், தூத்துக்குடி

உண்மை இல்ல சார். புத்தகத்துல இருக்கிற போட்டோ பெரும்பாலும் வெள்ளைக்காரங்க முகம், அதுல செவப்பு பளிச்சுன்னு தெரியும், நம்ம நிறத்துல அதே செவப்பு கருஞ்செவப்பாவோ பழுப்பாவோ தான் தெரியும், அதனாலயே முகப்பரு, அலர்ஜின்னு பேர் வச்சு வருஷக்கணக்குல விட்டுடறாங்க. உங்களுக்கு எரியுதுன்னா எரியுது தான். டாக்டர்கிட்ட போறப்ப செவப்ப பத்தி மட்டும் பேசாம, சூடு, குத்தல், தோல் சொரசொரப்பு, சோப்பு போட்டா எரியறது எல்லாத்தையும் சொல்லுங்க. எரிச்சல் உச்சத்துல இருக்கும்போது வெளிச்சத்துல போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, டாக்டர்கிட்ட போற நேரத்துல முகம் சாதாரணமா இருந்துடும். டெர்மாஸ்கோப்னு தோல பெருசாக்கி காட்டற கருவி வச்சு பார்த்தா ரத்தக் குழாய் விரிஞ்சிருக்கிறது நம்ம தோல்லயும் தெரியும்.

இன்னொரு விஷயம், கன்னத்துல எரிச்சலோட கூட மூட்டு வலி, காய்ச்சல், வாய்ப்புண், முடி கொட்டறது இதெல்லாம் இருந்தா அது லூபஸா இருக்கலாம், உடம்போட எதிர்ப்பு சக்தி நம்ம உடம்பையே தாக்கற நோய் அது, ரத்தப் பரிசோதனை கண்டிப்பா பண்ணணும்.

உப்பளத்துல வெயில் மேல இருந்தும் வரும், உப்பு பாத்தில பட்டு கீழ இருந்தும் வரும், அதனால தலைல துண்டு மட்டும் பத்தாது, அகல விளிம்பு தொப்பி, கண்ணாடி ரெண்டும் வேணும். ஜிங்க் சன்ஸ்கிரீன் கருப்பு தோல்ல சுண்ணாம்பு பூசின மாதிரி தெரியும்னு ஆம்பளைங்க போட மாட்டேங்கறாங்க, டின்டட்னு நிறம் கலந்தது கிடைக்குது, அத கேட்டு வாங்குங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்ப போடணும். உப்பும் வேர்வையும் முகத்துல காய விடாம அப்பப்ப நல்ல தண்ணில கழுவிடுங்க.

ஃபில்டர் காபிய விட்டுடணுமா டாக்டர்? காரம்?
– வாசகி, கும்பகோணம்

காபிய விட வேணாம், ஆற வச்சு குடிங்க. முகத்த செவக்க வைக்கிறது பெரும்பாலும் அந்த சூடு தான். 2018ல அமெரிக்க நர்ஸுங்கள வருஷக்கணக்குல கவனிச்சு வெளியான பெரிய ஆய்வுல, காபி அதிகம் குடிச்சவங்களுக்கு ரோசேசியா வர்ற வாய்ப்பு குறைவாவே இருந்துச்சு. காரம் ஆளுக்கு ஆள் மாறும். மிளகாய்ல இருக்கிற கேப்சைசின் சூட்ட உணர்ற அதே நரம்ப தான் தூண்டுது, அதனால சில பேருக்கு ரசம் குடிச்சாலே போதும். என்ன சாப்பிட்டப்ப செவந்துச்சுன்னு சில வாரம் ஒரு நோட்ல குறிச்சு பாருங்க, உங்களுக்கு ஒத்துக்காதத மட்டும் விடுங்க. பத்திய சாப்பாடெல்லாம் தேவையில்ல.

எனக்கு 55 வயசு, மூக்கு தடிச்சு பெருசாகிட்டே போகுது, செவப்பா இருக்கு. நான் குடிக்கவே மாட்டேன், ஆனா சொந்தக்காரங்க எல்லாரும் ஒரு மாதிரி பாக்கறாங்க.
– வாசகர், கோயம்புத்தூர்

இதுவும் ரோசேசியாவோட ஒரு வகை தான் ஐயா, ரைனோஃபைமான்னு சொல்வோம், ஆம்பளைங்களுக்கு தான் அதிகம் வரும். குடி சில பேருக்கு முகத்த செவக்க வைக்கும், ஆனா இந்த மூக்குக்கு குடி தான் காரணம்னு சொல்றது தப்பு, ஒரு சொட்டு தொடாதவங்களுக்கும் வருது. இந்த பதில அந்த சொந்தக்காரங்ககிட்ட காட்டுங்க. ஆரம்பத்துல வந்தா மாத்திரைல வளர்ச்சிய தடுக்க பாக்கலாம், தடிச்ச பிறகு லேசர் இல்லைன்னா சின்ன சர்ஜரில செதுக்கி சரி பண்ணலாம். ஒரு பக்கம் மட்டும் வேகமா வளர்ந்தாலோ ஆறாத புண் இருந்தாலோ சதை பரிசோதனை பண்ணிடணும், அத தள்ளிப் போடாதீங்க.

முகத்தோட கண்ணும் உறுத்துது, மண் விழுந்த மாதிரி இருக்கு, கண் கட்டி அடிக்கடி வருது. ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கா?
– வாசகி, சேலம்

இருக்கு. ரோசேசியா கண்ணையும் பிடிக்கும், நிறைய பேர் அத தனி பிரச்சனைன்னு நினைச்சுடறாங்க. கண் டாக்டர்கிட்ட போய் ரோசேசியா இருக்குன்னு நீங்களே சொல்லுங்க. இமைய சுத்தம் பண்ற முறையும் சொட்டு மருந்தும் தருவாங்க. பார்வை மங்கினாலோ, வலி இருந்தாலோ, வெளிச்சம் பாக்க கூசினாலோ அன்னைக்கே போயிடுங்க.

தங்கச்சி கல்யாணம் வருது, பார்லர்ல ஃபேஷியல், ப்ளீச் பண்ணிக்கலாமா? லேசரும் இருக்குங்கறாங்க.
– வாசகி, திருநெல்வேலி

ப்ளீச், ஸ்க்ரப், ஆவி, மூணும் வேணாம். மேக்கப் போட்டுக்கலாம், முதல்ல தாடை ஓரத்துல தடவி பார்த்துட்டு. லேசர் விரிஞ்ச ரத்தக் குழாய்க்கு நல்ல வைத்தியம் தான், ஆனா நம்ம நிறத்துக்கு எந்த லேசர், எவ்வளவு பவர்னு தெரியாத கைல போனா தோல் வெந்து கருந்தழும்பு ஆயிடும். பார்லர்ல கண்டிப்பா வேணாம்.

டாக்டர் மெட்ரோனிடசோல் ஜெல்லும் டாக்ஸிசைக்ளின் மாத்திரையும் தந்தாரு. ரெண்டு வாரம் ஆச்சு, பெருசா ஒண்ணும் குறையல. நிறுத்திடலாமா?
– வாசகி, வேலூர்

நிறுத்தாதீங்க. இந்த ஜெல்லு, அசெலாயிக் ஆசிட், ஐவர்மெக்டின் க்ரீம், எதா இருந்தாலும் பலன் நல்லா தெரிய 8லேர்ந்து 12 வாரம் ஆகும். முதல்ல பரு அடங்கும், செவப்பு மெதுவா தான் இறங்கும். முழுசா ஒழிச்சுடற வியாதி இல்ல இது, ஆனா நல்லா அடக்கி வைக்கலாம். ஜெல் போட்டதும் எரிஞ்சா முதல்ல மாய்ஸ்சரைசர் தடவி கொஞ்ச நேரம் விட்டு அதுக்கு மேல ஜெல் போடுங்க, அப்பவும் எரிஞ்சா ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. டாக்ஸிசைக்ளின ஒரு டம்ளர் நிறைய தண்ணியோட உக்காந்து முழுங்குங்க, முழுங்கின உடனே படுக்காதீங்க, தொண்டைக் குழாய்ல ஒட்டினா புண்ணாகும். அது சாப்பிடறப்ப வெயில் சீக்கிரம் சுடும், சன்ஸ்கிரீன் விடக் கூடாது. கர்ப்பமா இருந்தாலோ அதுக்கு முயற்சி பண்ணாலோ அந்த மாத்திரைய தொடர்றதுக்கு முன்னாடி டாக்டருக்கு ஒரு போன் பண்ணிடுங்க, மாத்தி தர்றதுக்கு வேற மருந்து இருக்கு.