நாற்காலிக்கு ஒரு பக்கம், ஆளுக்கு ஒரு பக்கம்

அரசு அலுவலக நடைமுறை குறித்து வாசகர்கள் அனுப்பும் கேள்விகளுக்கு, வருவாய்த் துறையில் 31 ஆண்டுகள் பணியாற்றிக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார். இந்த இதழில் எல்லாக் கேள்விகளும் அரசு இணையதளங்களில் வரும் அலுவலர் விவரங்களைப் பற்றியவை.

ஆட்சியர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. மாவட்ட இணையதளத்தின் அலுவலர் பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்னிடம் இருக்கிறது. ஒரு பெயரைத் திருத்துவதற்குள் அடுத்த மாறுதல் வந்துவிடுகிறது. போன மாதம் ஆணையைப் பார்த்து ஒருவர் பெயரை நீக்கினேன். அவருக்கு மாறுதல் ரத்தாகிவிட்டது. என்னைக் கூப்பிட்டுக் கோபித்துக்கொண்டார். இதை எப்படி ஒழுங்குபடுத்துவது அம்மா?
– ஒரு வாசகர், தென் மாவட்டம்

தம்பி, ஆட்சியர் அறைக்குள் போயிருப்பீர்கள். சுவரில் ஒரு மரப்பலகை மாட்டியிருக்கும். இதுவரை இருந்த ஆட்சியர்களின் பெயர், எந்த நாள் முதல், எந்த நாள் வரை என்று வரிசையாக எழுதியிருக்கும். புது ஆட்சியர் வந்தால் பழைய பெயரை அழிப்பதில்லை. அந்தப் பெயருக்கு நேரே 'வரை' என்ற இடத்தில் தேதி ஏறும், கீழே புதுப் பெயர் வரும். கடைசி ஆறு ஆண்டு இணையதள வேலை என் மேசையில் இருந்தது. முதல் ஓராண்டு நானும் உங்களைப் போலப் பெயரை அழித்து அழித்து எழுதிக்கொண்டிருந்தேன். அந்தப் பலகையைப் பார்த்துத்தான் எனக்கு வழி தெரிந்தது.

பதவியையும் ஆளையும் பிரித்துவிடுங்கள். 'கோட்டாட்சியர்' என்பது ஒரு பதிவு. அதில் பதவியின் கடமை, அலுவலக முகவரி, தரைவழித் தொலைபேசி, பதவிக்கான கைபேசி எண், பதவிக்கான மின்னஞ்சல் எல்லாம் இருக்கும். யார் வந்தாலும் போனாலும் இது மாறாது. நம் மாவட்ட ஆட்சியர்களின் அரசு மின்னஞ்சலைப் பாருங்கள், பதவியின் சுருக்கமும் மாவட்டத்தின் சுருக்கமும்தான் அதில் இருக்கும், ஆள் பெயர் இருக்காது. பதவிக்கென்று அரசு தருகிற சி.யு.ஜி. கைபேசி எண்ணும் அப்படித்தான், பொறுப்பை ஒப்படைக்கும்போது சிம் கார்டையும் சேர்த்து ஒப்படைக்கிறோம். ஆள் என்பது இன்னொரு பதிவு. பெயர் மட்டும் போதும். இரண்டையும் இணைப்பது 'முதல்', 'வரை' என்ற தேதிகள். பிரிட்டன் அரசின் பொதுத் தளத்தில் அமைச்சர் பதவிக்கு ஒரு பக்கமும் அமைச்சருக்கு ஒரு பக்கமும் தனித்தனியே வைத்திருக்கிறார்கள். பதவியின் பக்கத்தில் முன்பு அதில் இருந்தவர்களின் பெயர்களும் வரும். நம் மரப்பலகையும் அதே ஏற்பாடுதான்.

இனி, எப்போது மாற்றுவது? ஆணை வந்த நாளில் மாற்றவே மாற்றாதீர்கள். ஆணை வரும், ரத்தாகும், திருத்த ஆணை வரும், விடுப்பில் போவார்கள். பொறுப்பேற்பு அறிக்கை கையெழுத்தான பிறகுதான் அந்த நாற்காலியில் ஆள் மாறியிருக்கிறார் என்று அர்த்தம். அந்த அறிக்கையின் நகல் கருவூலத்துக்குப் போகிறது, கணக்காயர் அலுவலகத்துக்குப் போகிறது. அந்த நகல் பட்டியலில் 'இணையதளப் பிரிவு' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி நேர்முக உதவியாளரிடம் குறிப்பு வைத்தேன். அவர் ஒப்புக்கொண்டார். அதற்குப் பிறகு நான் ஆணைகளைத் தேடி எந்தப் பிரிவுக்கும் அலையவில்லை, செய்தி தானாக என் மேசைக்கு வந்தது. நீங்களும் இதைக் கேட்டுப் பாருங்கள். பெரிய செலவில்லை, ஒரு வரிதான்.

ஓய்வு பெறுபவர்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை. மாதத்தின் கடைசி நாள் பிற்பகல் என்று முன்பே தெரியும். ஆண்டுத் தொடக்கத்திலேயே நாட்குறிப்பில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தேர்தலுக்கு முந்தைய மாதங்களில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். தேர்தல் பணியோடு தொடர்புள்ள அலுவலர்களில் சொந்த மாவட்டத்தில் இருப்பவர்களையும், நான்கு ஆண்டில் மூன்று ஆண்டு அதே மாவட்டத்தில் இருந்தவர்களையும் மாற்றச் சொல்வது தேர்தல் ஆணையத்தின் வழக்கம். ஒரே வாரத்தில் பாதிப் பட்டியல் மாறும்.

இன்னொன்று. நீங்கள் ஒருவரே எழுதி, நீங்களே வெளியிடாதீர்கள். அரசு இணையதளங்களுக்கென்று தேசியத் தகவல் மையம் 2009-ல் முதன்முதலாக வெளியிட்ட நெறிமுறைகளிலேயே, எழுதித் தருபவர், சரிபார்ப்பவர், ஒப்புதல் தருபவர் என்ற ஏற்பாடு இருக்கிறது. 2023-ல் அதன் மூன்றாம் பதிப்பும் வந்துவிட்டது. ஒப்புதல் கோப்பில் இருந்தால் யாரும் உங்களைக் கோபிக்க மாட்டார்கள்.

எங்கள் வட்டாட்சியர் பக்கத்து வட்டத்தையும் கூடுதல் பொறுப்பில் பார்க்கிறார். அந்த வட்டத்துக்கு எதிரே 'காலியிடம்' என்று போடுவதா, இவர் பெயரைப் போடுவதா?
– ஓர் உதவியாளர்

பெயரைப் போட்டு, பக்கத்தில் 'கூடுதல் பொறுப்பு' என்று எழுதுங்கள். 'காலியிடம்' என்று பார்த்தால் மனு கொடுக்க வருகிறவர் திரும்பிப் போய்விடுவார். பதவியும் ஆளும் தனித்தனிப் பதிவாக இருந்தால் ஒரே ஆளை இரண்டு பதவியோடு இணைப்பதில் சிக்கல் வராது. எந்தக் கிழமை எந்த அலுவலகத்தில் இருப்பார் என்பதையும் ஒரு வரி சேர்த்தால் பேருந்து ஏறி வருகிறவருக்கு ஒரு நாள் கூலி மிஞ்சும்.

இணையதளத்தில் இருந்த பெயரைப் போட்டுப் பதிவுத் தபாலில் மனு அனுப்பினேன். நாற்பது நாளாகியும் பதில் இல்லை. விசாரித்தால் அந்த அலுவலர் மாறிப் போய் ஒரு வருஷம் ஆகிறதாம். என் மனு எங்கே போனது?
– ஒரு வாசகி

அம்மா, இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்கு நெஞ்சு கனத்தது. நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் இதே போல நடந்தது. பெயர் எழுதிய உறை வந்தால் தபால் பிரிவில் பிரிக்க மாட்டோம், அது அந்த ஆளுக்கு வந்த கடிதம் என்று கணக்கு. அவர் மாறிப் போயிருந்தால் புது ஊர் முகவரியை எழுதி அனுப்பிவிடுவோம். ஒரு பாட்டி, முதியோர் உதவித்தொகை நின்றுபோனதற்கு மனு எழுதி, பிரவுசிங் சென்டரில் அச்செடுத்த எங்கள் தளத்துப் பக்கத்தைப் பார்த்துப் பெயரோடு அனுப்பியிருந்தார். அந்த உறை இரண்டு மாவட்டம் சுற்றி எங்களிடமே திரும்பி வந்தது. அச்செடுத்த தாளை என் மேசையில் வைத்து, "நீங்க போட்ட பேர்தானேம்மா?" என்று கேட்டார். நான் போட்ட பெயர்தான். பதினான்கு மாதமாக மாற்றாமல் விட்டிருந்தேன். அந்த மாதங்களுக்கு அவர் யாரிடம் கடன் வாங்கிச் சாப்பிட்டார் என்பதையும் சொல்லிவிட்டுப் போனார்.

இனி உறையின் மேல் பதவியை மட்டும் எழுதுங்கள். 'வட்டாட்சியர் அவர்கள்' என்றால் எந்த ஆள் இருந்தாலும் பிரித்துத்தான் ஆக வேண்டும். தகவல் அறியும் உரிமை மனுவும் 'பொதுத் தகவல் அலுவலர்' என்று பதவிக்கே போகட்டும். 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்கு 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். மனு வேறு அலுவலகத்துக்கு உரியது என்றால் 5 நாளுக்குள் அவர்களே அங்கு மாற்றி அனுப்ப வேண்டும்.

அலுவலகத் தளத்தில் என் படமும் சொந்தக் கைபேசி எண்ணும் போட்டிருக்கிறார்கள். இரவில் தெரியாதவர்கள் அழைக்கிறார்கள். கேட்டால், "சட்டப்படி எல்லா ஊழியர் விவரமும் போட வேண்டும்" என்கிறார்கள். உண்மையா?
– பெயர் வெளியிட விரும்பாத ஊழியர்

பாதிதான் உண்மை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(1)(பி) பிரிவு, யாரும் கேட்காமலே வெளியிட வேண்டிய 17 இனங்களைச் சொல்கிறது. அலுவலர், ஊழியர் பட்டியல் அதில் ஒன்று. ஒவ்வொருவரின் மாதச் சம்பளம் இன்னொன்று. அதிகாரங்களும் கடமைகளும், பொதுத் தகவல் அலுவலரின் பெயரும் பதவியும்கூட அதில் வரும். ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் சொல்கிறது. ஆகவே உங்கள் பெயர், பதவி, சம்பளம் இருக்கும். அதை எதிர்க்க வேண்டாம். மக்கள் வரிப் பணத்தில் வாங்குகிற சம்பளம் மக்களுக்குத் தெரியத்தான் வேண்டும்.

சொந்தக் கைபேசி எண்ணைப் போடச் சொல்லி அந்தப் பட்டியலில் எந்த வரியும் இல்லை மகளே. படம், பிறந்த தேதி, வீட்டு முகவரி எதற்கும் இல்லை. தனிப்பட்ட தகவலுக்கு அதே சட்டத்தின் 8-ஆம் பிரிவில் காப்பு இருக்கிறது. ஊழியருக்குக் கொடுத்த குறிப்பாணை, தண்டனை, சொத்து விவரம் போன்றவைகூடத் தனிப்பட்ட தகவல், பெரும் பொதுநலன் இருந்தால் ஒழியக் கொடுக்க வேண்டியதில்லை என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அலுவலகத் தலைவருக்கு இன்றே எழுத்தில் கொடுங்கள்: என் எண்ணை நீக்கி, பிரிவின் தரைவழி எண்ணைப் போடவும். வாய்மொழியாகச் சொல்லாதீர்கள். நகலில் பெற்றுக்கொண்ட கையொப்பம் வாங்குங்கள். இரவில் வந்த அழைப்புகளின் எண், நேரம் இரண்டையும் குறித்து வைத்திருங்கள், காவல் நிலையம் போக நேர்ந்தால் தேவைப்படும்.

பணிகளும் கடமைகளும் என்ற பகுதியில் என்ன எழுதுவது? இப்போது 'மேலதிகாரி இடும் பிற பணிகள்' என்று இருக்கிறது.

அதை எடுத்துவிடுங்கள். வாசலில் நிற்கிறவர் கேட்கிற கேள்விக்குப் பதில் எழுதுங்கள். ஆதிதிராவிடர் சாதிச் சான்று வட்டாட்சியர், பழங்குடியினர் சான்று கோட்டாட்சியர், வாரிசுச் சான்று வட்டாட்சியர். பட்டா மாறுதல் உத்தரவில் குறையிருந்தால் மேல்முறையீடு கோட்டாட்சியரிடம், அதற்கும் மேலே மாவட்ட வருவாய் அலுவலரிடம். அலுவலகத்துக்குள் அ1, ஆ3 என்று இருக்கை எண் வைத்திருக்கிறோம், கோப்பு எண்ணின் கடைசியிலும் அதுதான் இருக்கும். எந்த இருக்கை எந்தப் பொருளைப் பார்க்கிறது என்று ஒரு பட்டியல் போட்டுவிட்டால், கையில் பழைய கடிதம் வைத்திருப்பவர் நேராக அந்த மேசைக்கு வந்துவிடுவார்.

தமிழ்ப் பக்கத்தில் பெயரை எப்படி எழுதுவது? ஆங்கில முன்னெழுத்தை அப்படியே 'கே.' என்று எழுதலாமா?

வேண்டாம். முன்னெழுத்தும் தமிழில் இருக்க வேண்டும் என்பது தமிழ்நாடு அரசின் ஆணை. ஆனால் நீங்களாக ஊகித்து எழுதாதீர்கள். 'கே.' என்பது குமாரசாமியாக இருந்தால் 'கு.', கந்தசாமியாக இருந்தால் 'க.'. அவரிடமே கேளுங்கள், அல்லது பணிப்பதிவேட்டைப் பாருங்கள். பழைய பக்கங்கள் ஒருங்குறியில் (யூனிகோடில்) இல்லாமல் வேறு எழுத்துருவில் இருந்தால் தேடலில் பெயர் அகப்படாது, அவற்றைத் திரும்பத் தட்டச்சு செய்தே ஆக வேண்டும். இந்த வேலைக்கு நான் ஒரு ஜமாபந்தி, அதாவது ஆண்டு வருவாய்க் கணக்குத் தணிக்கை, முடிந்த பிறகு வந்த இரண்டு வாரத்தை ஒதுக்கினேன், போதுமாக இருந்தது.