டோக்கியோவில் இருந்து ஒரே நாளில் ஹகோனே மலைப்பகுதிக்குப் போய் வர முடியுமா? எதைப் பார்க்கலாம், எதை விடலாம்?

தாராளமாக முடியும். ஆனால் எல்லோரும் சுற்றும் திசைக்கு எதிர்த்திசையில் சுற்றுங்கள் என்பேன்.

டோக்கியோவின் ஷின்ஜுகு நிலையத்தில் ரொமான்ஸ்கார் என்ற விரைவு ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் ஹகோனே-யுமோட்டோ. ஹகோனே ஃப்ரீபாஸ் என்ற சுற்றுலாப் பயணச்சீட்டு குறைந்தது இரண்டு நாளுக்குத்தான் கிடைக்கும். ஆனாலும் ரயில், பஸ், கப்பல், ரோப்வே எல்லாம் அதில் அடக்கம் என்பதால் ஒரு நாளுக்கே கட்டுப்படியாகிவிடும். ரொமான்ஸ்காருக்கு மட்டும் தனிக் கட்டணம் உண்டு.

யுமோட்டோவில் இறங்கியதும் கூட்டம் மொத்தமும் மலை ரயிலுக்கு ஓடும். நீங்கள் பஸ் பிடித்து ஆஷி ஏரிக்கரையில் இருக்கும் மோட்டோ-ஹகோனே போய்விடுங்கள். ஃபூஜி மலை தெரிவதாக இருந்தால் பெரும்பாலும் காலையில்தான் தெரியும். வெயில் ஏற ஏற மேகம் மூடிவிடும். (கோடையில் போகிறவர்கள் ஃபூஜியை மறந்துவிடுவது நல்லது. குளிர்காலம்தான் அதற்குச் சரி.) ஆஷி ஏரித் தண்ணீருக்குள் நிற்கும் சிவப்புத் தோரணவாயிலில் படம் எடுக்கவும் காலைதான் தோது. மதியத்துக்கு மேல் அங்கே வரிசை நகரவே நகராது.

அங்கிருந்து கப்பலில் ஏரியின் மறுமுனையான டோகெண்டாய், அப்புறம் ரோப்வேயில் ஓவகுடானி என்ற எரிமலைப் பள்ளத்தாக்கு. 1044 மீட்டர் உயரம். காலுக்குக் கீழே மஞ்சள் பூத்த பாறை இடுக்குகளில் இருந்து ஆவி சீறிக்கொண்டு வரும். வெந்நீர் ஊற்றில் வேகவைத்த முட்டை விற்பார்கள். அந்த நீரில் உள்ள இரும்பும் கந்தக வாயுவும் சேர்ந்து ஓடு கரிச்சட்டி அடிபோல ஆகிவிடும். உரித்தால் உள்ளே சாதாரண வெள்ளை முட்டைதான், ருசியிலும் வித்தியாசம் கிடையாது. ஒன்று தின்றால் ஏழு வருஷம் ஆயுள் கூடும் என்பது அவர்கள் கணக்கு. ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மட்டும் அங்கே போக வேண்டாம். வாயு நெடி கடுமை.

மறுபடி ரோப்வேயில் சோஉன்ஸான் இறங்கி, கேபிள் கார் (தண்டவாளத்தில் கம்பிவடம் இழுக்கும் வண்டி) மாறி கோரா வந்தால், கடைசியில் அந்த மலை ரயில். 1919இல் ஓடத் தொடங்கியது. பல் சக்கரம் இல்லாமலேயே ஒரு கிலோமீட்டருக்கு 80 மீட்டர் வரை ஏறி இறங்குகிறது. மூன்று இடங்களில் நின்று திசை மாற்றும்போது ஓட்டுநர் பெட்டியை விட்டு இறங்கி, பிளாட்பாரத்தில் விறுவிறுவென்று நடந்து மறுமுனைக்குப் போவார். எதிரே கண்டக்டர் இந்த முனைக்கு வருவார். எனக்கு ஹகோனேயிலேயே பிடித்தது இதுதான். ஜூன் கடைசி, ஜூலை தொடக்கத்தில் போனால் ஹைட்ரேஞ்சியா பூக்கள் ஜன்னலில் உரசும்.

மற்றவர்கள் சாயங்காலம் ஏரியில் இருந்து பஸ்ஸில் திரும்பி மலைச்சாலை நெரிசலில் மாட்டும்போது, நீங்கள் ரயிலில் இறங்கிக்கொண்டிருப்பீர்கள்.

விடுவதென்றால் திறந்தவெளிச் சிற்ப அருங்காட்சியகத்தை விடலாம். மோசமில்லை, பிகாசோவுக்கென்று தனிக் கூடமே இருக்கிறது. ஆனால் அரை நாளைச் சாப்பிட்டுவிடும்.

ரோப்வே சீக்கிரமே மூடிவிடும், மதியம் இரண்டு மணிக்குள் டோகெண்டாய் வந்துவிடுங்கள். பலத்த காற்று அடித்தாலோ எரிமலை வாயு கூடினாலோ நிறுத்தியும் விடுவார்கள். கிளம்பும் முன் ஓடுகிறதா என்று இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.