அந்த டாலர் குறியை முதலில் படிப்பது யார்?

கேள்வி: சர்வரின் பெயரைத் தெரிந்துகொள்ள, கணினியின் பெயரைத் திரையில் காட்டும் 'எக்கோ டாலர் ஹோஸ்ட்நேம்' என்ற கமாண்டை இரட்டை மேற்கோளுக்குள் போட்டு எஸ்எஸ்ஹெச் (தொலைவிலுள்ள கணினியில் கமாண்ட் ஓட்ட உதவும் நிரல்) வழியாக அனுப்பினேன். என் லேப்டாப்பின் பெயர்தான் வருகிறது. கமாண்ட் சர்வருக்கே போகவில்லையா?

பதில்: போயிருக்கிறது. ஆனால் நீங்கள் எழுதியபடி போகவில்லை. என்டர் தட்டியதும் அந்த வரியை முதலில் படிப்பது உங்கள் லேப்டாப்பில் ஓடும் ஷெல், அதாவது நீங்கள் தட்டும் கமாண்டைப் படித்து ஓட்டும் நிரல். இரட்டை மேற்கோளுக்குள் டாலர் குறி இருந்தால் அது சும்மா விடாது, அந்த இடத்தில் தனக்குத் தெரிந்த மதிப்பை எழுதிவிடும். சர்வருக்குப் போனது 'எக்கோ' என்ற சொல்லும் உங்கள் லேப்டாப்பின் பெயரும்தான். ஒற்றை மேற்கோளுக்கு மாற்றுங்கள். இங்குள்ள ஷெல் உள்ளே கை வைக்காது. டாலர் குறி அப்படியே போய், சர்வரின் ஷெல் அதற்கு விடை தரும்.

உங்களுக்குப் பெயர் மாறியதோடு போயிற்று. எனக்கு அப்படிப் போகவில்லை. லாக் பைல்களால் டிஸ்க் நிரம்பிய ஒரு சர்வரில் இடம் காலி செய்ய வேண்டியிருந்தது. லாக் ஃபோல்டரின் பாதையை ஒரு வேரியபிளில் (ஒரு மதிப்பைப் பெயரிட்டு வைக்கும் இடம்) வைத்து, அரைப்புள்ளி போட்டு, அதே வரியில், கேள்வி கேட்காமல் உள்ளே இருப்பதையெல்லாம் அழிக்கும் 'ஆர்எம் மைனஸ் ஆர்எஃப்', டாலரோடு வேரியபிள் பெயர், சாய்கோடு, நட்சத்திரம் என்று எழுதினேன். எல்லாம் இரட்டை மேற்கோளுக்குள். அந்த வேரியபிளுக்கு மதிப்பு கிடைப்பது சர்வரில். என் கணினியில் அந்தப் பெயரில் எதுவுமே இல்லை. என் ஷெல் அந்த இடத்தைக் காலியாக விட்டு அனுப்பிவிட்டது. ஆர்எம்முக்குக் கிடைத்தது சாய்கோடும் நட்சத்திரமும், அதாவது ரூட் எனப்படும் உச்ச ஃபோல்டருக்குக் கீழே உள்ள எல்லாமும். ரூட்டை அழிக்கவிடாத ஒரு பாதுகாப்பு ஆர்எம்மில் உண்டு. ஆனால் தனிச் சாய்கோட்டைத்தான் அது தடுக்கும், பின்னால் நட்சத்திரம் வந்தால் தடுக்காது.

ரூட் என்றே பெயர் கொண்ட முழு அதிகாரக் கணக்கில் நான் நுழையாததால் சிஸ்டம் தப்பியது. நாங்கள் நான்கு பேர் பகிர்ந்துகொண்ட அந்தக் கணக்கின் பைல்கள் தப்பவில்லை. அனுமதி இல்லை, அனுமதி இல்லை என்று திரையில் வரிகள் ஓடிக்கொண்டிருக்க, கன்ட்ரோல் சி அழுத்திய என் விரல் நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. அன்றிலிருந்து, அழிக்கிற கமாண்ட் எதுவானாலும் முதலில் ஆர்எம் இருக்கும் இடத்தில் எக்கோ போட்டு அனுப்பிப் பார்க்கிறேன். எதெல்லாம் போகும் என்ற பட்டியல் கண்முன் வந்துவிடும்.

கேள்வி: ஒரு பைலில் 12 சர்வர்களின் பெயர்களை வைத்து, வரி வரியாகப் படிக்கும் 'வைல் ரீட்' லூப்பில் ஒவ்வொன்றிலும் ஒரு கமாண்டை ஓட்டுகிறேன். முதல் சர்வரோடு நின்றுவிடுகிறது. பிழைச் செய்தியும் இல்லை.

பதில்: மீதி 11 பெயர்களையும் எஸ்எஸ்ஹெச்தான் விழுங்கிவிட்டது. உங்கள் லூப் எந்த உள்ளீட்டிலிருந்து பெயர்களைப் படிக்கிறதோ, அதே உள்ளீட்டை எஸ்எஸ்ஹெச்சும் படித்து, முதல் சர்வருக்குத் தள்ளிவிடுகிறது. லூப் திரும்பி வந்து பார்த்தால் பைலில் ஒன்றும் மிச்சமில்லை, சரி வேலை முடிந்தது என்று அமைதியாக வெளியேறுகிறது. எஸ்எஸ்ஹெச்சுக்கு 'மைனஸ் என்' கொடுங்கள், உள்ளீட்டைத் தொடாது. இந்த அமைதிதான் எனக்குக் கவலை. செக்யூரிட்டி அப்டேட் 12 சர்வரிலும் ஏறிவிட்டது என்று நம்பிக்கொண்டு இருந்துவிடுவோம். லூப்புக்குள்ளேயே ஒவ்வொரு சர்வரின் பெயரையும், கமாண்ட் முடிந்த நிலை எண்ணையும் அச்சிடுங்கள். 255 என்று வந்தால் பெரும்பாலும் சிக்கல் இணைப்பில்தான். மற்ற எண்கள் அங்கே ஓடிய கமாண்டுடையவை.

கேள்வி: லாகின் செய்தால் ஓடுகிற கமாண்ட், எஸ்எஸ்ஹெச் வரியிலேயே சேர்த்து அனுப்பினால் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்கிறதே?

பதில்: அப்படி அனுப்பும்போது அங்கே திறப்பது லாகின் ஷெல் இல்லை. லாகின் செய்யும்போது படிக்கப்படும் ப்ரொஃபைல் பைலை அது படிக்காது. அதில் நீங்கள் 'பாத்'தில் (ஷெல் கமாண்டுகளைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) சேர்த்த ஃபோல்டர்களும் அதற்குத் தெரியாது. கமாண்டின் முழுப் பாதையையும் எழுதி அனுப்புங்கள், ஓடும்.