சாக்லேட் சிப்ஸ்: விலைக்கு முன்னால் கொழுப்பைப் பாருங்கள்

கேள்வி: தீபாவளிக்கு ஆர்டர் எடுத்து பிஸ்கட் செய்து விற்கிறேன். எங்கள் ஊர்க் கடையில் நிறுத்துக் கொடுக்கும் சாக்லேட் சிப்ஸைத்தான் போடுவேன். கோலாலம்பூரில் இருக்கும் மகள், அமெரிக்காவின் கிட்டார்ட் மில்க் சாக்லேட் சிப்ஸை வாங்கச் சொல்கிறாள். குடும்ப நிறுவனமாம், கொக்கோ விவசாயிகள் மேல் அக்கறை உள்ளவர்களாம். விலையோ பல மடங்கு. வாங்கலாமா?
- வாசகி, ஊத்தான் மெலிந்தாங்

பதில்: கடைக்காரரிடம் மூல பாக்கெட்டைக் காட்டச் சொல்லுங்கள், அம்மா. அதில் மலாய் மொழியில் 'லெமாக் கோக்கோ' என்றிருந்தால் கொக்கோ வெண்ணெய். 'லெமாக் சாயூரான்', 'மிஞ்ஞா இசிரோங் சாவிட்' என்றிருந்தால் செம்பனைப் பருப்பு எண்ணெயில் கொக்கோத்தூளும் சீனியும் கலந்த காம்பவுண்ட். நம் தோட்டத்துப் பனை தருவதுதான், கெட்டது என்று சொல்லமாட்டேன். வெயில் தாங்கும், விலையும் கட்டுப்படியாகும். ஆனால் சாப்பிட்ட பின்னும் மெழுகு பூசியது போல அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். கொக்கோ வெண்ணெய் சுமார் 34 டிகிரியில் உருகுவதால், வாயில் போட்டதுமே கரைந்துவிடும். இரண்டிலும் ஒவ்வொன்றை நாக்கில் வைத்துக் கடிக்காமல் இருந்து பாருங்கள், தெரிந்துவிடும்.

கிட்டார்ட் 1868இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கியது. இப்போது ஐந்தாம் தலைமுறையும் தொழிலில் இருக்கிறது. 2007இல், வேறு தாவரக் கொழுப்பைச் சேர்த்ததையும் சாக்லேட் என்றே விற்க விடும்படி அமெரிக்காவில் ஒரு மனு போனது. அதை முன்னின்று எதிர்த்தவர் இந்தக் குடும்பத்தின் கேரி கிட்டார்ட். பாக்கெட்டில் அச்சடித்த நல்ல வார்த்தைகளைவிட எனக்கு இது பெரிய சாட்சி.

ஆனாலும் குடும்ப நிறுவனம் என்பதாலேயே விவசாயிக்கு நியாய விலை போய்ச் சேர்ந்தது என்றாகாது. உலகக் கொக்கோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட்டிலும் கானாவிலும் விளைகிறது. அங்கே 15 லட்சத்து 60 ஆயிரம் சிறுவர் சிறுமியர் கொக்கோ வேலையில் இருப்பதாக 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. தோட்டத்தில் வளர்ந்த நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் எந்தப் பாக்கெட்டானாலும் முத்திரையைத் தேடுங்கள். ஃபேர்டிரேட் என்றால் விவசாயிக்குக் குறைந்தபட்ச விலை ஒன்று உண்டு. ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் தவளை முத்திரையும் பயனுள்ளதுதான், ஆனால் அதில் அந்த விலை உத்தரவாதம் கிடையாது.

சரி, வாங்கலாமா? சிப்ஸ் வெளியே தெரிந்து, கடிக்கும்போது பல்லில் படுகிற பிஸ்கட்டுக்கு வாங்குங்கள், ருசி விலையைச் சொல்லும். மேலே முக்கி எடுக்கிற பலகாரத்துக்குக் காம்பவுண்டே போதும், கையில் ஒட்டாது. இரண்டுக்கும் தனித்தனி விலை வையுங்கள். காம்பவுண்ட் போட்டதை மில்க் சாக்லேட் என்று எழுதி விற்காதீர்கள். முஸ்லிம் வாடிக்கையாளர்கள் இருந்தால், ஆர்டர் எடுக்கும் முன்பே பாக்கெட்டில் ஹலால் முத்திரை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

தபாலில் வரவழைத்தால் வேனின் சூட்டில் உருகி, மறுபடி இறுகி, வெள்ளை பூத்து வரலாம். அது பூஞ்சணம் இல்லை, கொழுப்பு மேலே வந்தது. மாவில் போட்டுச் சுட்டால் தெரியாது. ஆனால் ஒரே கட்டியாக வந்தால் படம் எடுத்து அன்றைக்கே விற்றவருக்கு அனுப்புங்கள். ஐஸ்பெட்டியில் வைப்பதானால் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள், இல்லாவிட்டால் கருவாட்டு வாசனை ஏறிவிடும். வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள். டப்பாவின் குளிர் போன பிறகு திறந்தால்தான் சிப்ஸில் நீர் கோக்காது.