பேஸ்பால் அணியில் ஐந்தே பிட்சர்கள், அதாவது பந்து எறிபவர்கள். சீசன் தொடக்கத்தில் யாரை முதலில் இறக்குவது, யாரைக் கடைசிக்கு வைப்பது?

உங்களுடையது கல்லூரி அணி என்று எடுத்துக்கொள்கிறேன். கிரிக்கெட்டில் வேகப்பந்து போட்ட இரண்டு பேர், ஈட்டி எறிபவன் ஒருவன், மீதிக்கு யாராவது. தஞ்சாவூரில் எங்கள் அணி அப்படித்தான் இருந்தது. நான் கேட்சர், பிட்சர் எறியும் பந்தைப் பிடிப்பவன்; கடைசி வருஷம் கேப்டன்.

ஆடிப்பெருக்கு முடிந்த சனிக்கிழமை முதல் ஆட்டம். எங்களில் வேகமானவன் திருவையாறு பக்கத்துப் பையன், 18 வயது. முழு ஆட்டத்தையும், ஒன்பது இன்னிங்ஸும், அவனையே போட வைத்தேன். நூறு பந்துக்கு மேல் இருக்கும், நான் எண்ணவில்லை. திங்கட்கிழமை அடுத்த ஆட்டம். "கை நல்லாத்தான் இருக்குண்ணே, நானே போடுறேன்" என்றான். கொடுத்துவிட்டேன். ஏழாவது இன்னிங்ஸில் முழங்கையின் உள்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அந்த சீசன் முழுக்க அவன் பந்தைத் தொடவில்லை. ஞாயிறு பூராவும் வயலில் நாற்றுக்கட்டு சுமந்திருக்கிறான் என்பது அப்புறம்தான் தெரிந்தது. நான் கேட்டிருக்க வேண்டும்.

அமெரிக்காவின் 'பிட்ச் ஸ்மார்ட்' வழிகாட்டியில் 17, 18 வயதுக்கு ஒரு நாளைக்கு அதிகபட்சம் 105 பந்து. 81 பந்தோ அதற்கு மேலோ போட்டால் நான்கு நாள் ஓய்வு. அமெரிக்கக் கணக்கு நமக்கு எதற்கு என்று சிலர் கேட்பீர்கள். அவர்களுக்கு மாற்று ஆள் இருக்கிறது, நமக்கு இல்லை. நமக்குத்தான் அது அதிகம் தேவை.

முதல் இரண்டு வாரம் யாரையும் 50, 60 பந்தோடு நிறுத்துங்கள். கடைசி இன்னிங்ஸுக்கு வேகத்தைப் பார்க்காதீர்கள். பேஸில் எதிரணி ஆள் ஓடக் காத்து நிற்கும்போதும் ஸ்ட்ரைக், அதாவது அடிப்பவனுக்கு எட்டும் சரியான பந்து, போடுகிறவனைப் பாருங்கள். எங்களுக்கு அது ஈட்டிக்காரன் என்று புரியவே இரண்டு மாதம் ஆனது. ஆகவே முதல் ஆட்டத்தை வைத்து யாருக்கும் முத்திரை குத்தாதீர்கள். இன்னொன்று, ரிலீவரை, அதாவது நடுவில் இறங்கும் மாற்று பிட்சரை, எழுப்பி வார்ம்-அப் செய்யவிட்டுத் திரும்ப உட்கார வைக்காதீர்கள். ஓரமாக எறிந்த பந்துக்கும் கை சோரும்.

சரி, பயிற்சிக்கு இடம் வேண்டுமே. மாலையில் மைதானம் கிரிக்கெட்டுக்கு, எங்களுக்குக் காலை ஆறு மணிதான். பிட்சர் நிற்க விதிப்படி பத்து அங்குல மேட்டை மூன்று முறை மண் கொட்டிக் கட்டினோம். மூன்று முறையும் ஏதோ விழாப் பந்தலுக்காகச் சமன் செய்துவிட்டார்கள். சமதரையில் பழகிய பையன் போட்டியில் மேட்டில் ஏறினால் பந்து எகிறத்தான் செய்யும். திட்டு மட்டும் அவனுக்கு.