விலை உயர்ந்த ஆடியோ கேபிள் போட்டால் வீட்டு ஹை-ஃபை சிஸ்டத்தின் ஒலி மேம்படுமா?

ஏற்கெனவே போதுமான தடிமனில் நல்ல செம்புக் கம்பி போட்டிருந்தால் மேம்படாது. ஆனால் "கேபிள் மாற்றினேன், வித்தியாசம் கேட்டது" என்பவர்கள் எல்லோரும் கற்பனை செய்கிறார்கள் என்றும் நான் சொல்ல மாட்டேன்.

ஸ்பீக்கர் கேபிளில் முதலில் பார்க்க வேண்டியது மின்தடை. 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பிக்கு மீட்டருக்கு ஏறக்குறைய 0.007 ஓம். ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கர் 5 மீட்டர் தள்ளி இருந்தால், போக வர 10 மீட்டர், ஆக 0.07 ஓம். 8 ஓம் ஸ்பீக்கரில் இதனால் குறையும் ஒலியளவு 0.1 டெசிபல்கூட இல்லை. எந்தக் காதுக்கும் அது எட்டாது.

இப்போது ஆம்ப்ளிஃபயரோடு பெட்டியில் இலவசமாக வரும் 0.5 சதுர மி.மீ. ஒயரை எடுத்துக்கொள்ளுங்கள். மின்தடை ஐந்து மடங்கு, 0.35 ஓம். ஸ்பீக்கரின் பின்னால் "4 ஓம்" என்று அச்சிட்டிருந்தாலும் அது எல்லா அதிர்வெண்ணிலும் 4 ஓமாக இருப்பதில்லை. ஓரிடத்தில் 3 ஓமுக்கு இறங்கும், இன்னோரிடத்தில் 20 ஓமுக்கு ஏறும். 3 ஓம் இடத்தில் இந்த ஒயர் கிட்டத்தட்ட 1 டெசிபலைத் தின்றுவிடும். 20 ஓம் இடத்தில் ஏறக்குறைய ஒன்றும் ஆகாது. ஒலியின் சமநிலையே லேசாக மாறிவிடுகிறது. அந்த ஒயரைக் கழற்றிவிட்டு ஒருவர் பெரிய பிராண்டு கேபிள் போட்டால் வித்தியாசம் நிஜமாகவே கேட்கும். எலெக்ட்ரிக்கல் கடையில் மீட்டர் கணக்கில் வாங்கிய 2.5 ஒயரைப் போட்டிருந்தாலும் அதே வித்தியாசம்தான் கேட்டிருக்கும்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். செம்பு பூசிய அலுமினிய ஒயர் சந்தையில் நிறைய ஓடுகிறது, சில சமயம் "சுத்தக் காப்பர்" என்ற பெயரிலேயே. அதன் மின்தடை ஒன்றரை மடங்கு. ஓர் இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும்.

அப்புறம் விற்பனையாளர்கள் 'ஸ்கின் எஃபெக்ட்' என்று ஒன்று சொல்வார்கள்: உயர் அதிர்வெண்ணில் மின்சாரம் கம்பியின் மேற்பரப்பில் மட்டும் ஓடுமாம். அறிவியல் சரிதான். ஆனால் காது கேட்கும் எல்லையான 20 கிலோஹெர்ட்ஸில்கூட, மின்சாரம் ஓடும் அந்த மேல் அடுக்கின் ஆழம் அரை மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. மேலே சொன்ன 0.07 ஓம் அங்கே கொஞ்சம் கூடும், 0.1-ஐக்கூடத் தொடாது.

கேபிள் நிஜமாகவே முக்கியமாகும் இடம் ரெக்கார்டு பிளேயர். மூவிங் மேக்னட் காட்ரிட்ஜுக்கு (ஊசியின் அசைவை மின்சாரமாக்கும் பாகத்தில் ஒரு வகை) மொத்தக் கெப்பாசிட்டன்ஸ், அதாவது கேபிளும் ஆம்ப்ளிஃபயரும் மின்னூட்டத்தைத் தேக்கும் அளவு, பெரும்பாலும் 100 முதல் 300 பிக்கோஃபாரட்டுக்குள் இருக்க வேண்டும். கேபிள் நீண்டால் அது எகிறி, ட்ரெபிள் (கீச்சென்ற உயர் ஒலிகள்) மாறும். மருந்து குட்டையான கேபிள், விலை கூடியது அல்ல.

'உம்ம்ம்' என்ற இரைச்சலுக்குப் பயந்து கேபிள் மாற்றுபவர்களும் உண்டு. அது பெரும்பாலும் கிரவுண்ட் லூப்: கருவிகளின் எர்த் இணைப்புகள் சேர்ந்து ஒரு வளையமாகி, அதில் வேண்டாத மின்சாரம் ஓடுவது. என் வீட்டில் கேபிள் டிவி ஒயரை செட்-டாப் பாக்ஸிலிருந்து பிடுங்கியதும் இரைச்சல் நின்றது. டிவியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு, மின்சாரத்துக்குப் பதில் ஒளியைக் கடத்தும் ஆப்டிகல் கேபிள் போட்டேன், தீர்ந்தது. பிளக்கின் எர்த் பின்னை மட்டும் யார் சொன்னாலும் கழற்றாதீர்கள். ஷாக் அடித்து உயிரே போகலாம்.

இதையெல்லாம் கழித்த பிறகும் சிலருக்குப் புதுக் கேபிளில் ஒலி வேறாகக் கேட்கிறது. ஒரு காரணம், பழைய கேபிளைக் கழற்றி மாட்டும்போதே முனைகளில் படிந்த அழுக்கு தேய்ந்துபோகும். இன்னொன்று, எழுந்து போய் மாற்றிவிட்டுத் திரும்ப உட்காரும்போது தலை நாலு அங்குலம் நகர்ந்தாலே, சுவர்களில் பட்டு வரும் ஒலியால் ட்ரெபிள் மாறும். மூன்றாவது, அரை நிமிடத்துக்கு முன் கேட்ட ஒலியின் நுணுக்கத்தைக் காது நினைவில் வைத்திருக்காது. அந்த இடைவெளியை விலைச்சீட்டு நிரப்பிவிடும்.

2007-ல் மேஜிக் கலைஞர் ஜேம்ஸ் ரேண்டி, பியர் கேபிள் (Pear Cable) நிறுவனத்தின் ஆஞ்சூ ஸ்பீக்கர் கேபிளை (12 அடி ஜோடி 7,250 டாலர்) சாதாரணக் கேபிளிலிருந்து பார்க்காமலே பிரித்துச் சொல்பவருக்கு 10 லட்சம் டாலர் தருவதாகச் சொன்னார். மைக்கேல் ஃப்ரெமர் என்ற பிரபல ஆடியோ விமர்சகர் தயாரானார். நிறுவனம் கேபிள் தராமல் விலகிக்கொண்டது, சோதனை நடக்கவே இல்லை. யார் ஜெயித்திருப்பார் என்பதைவிட, அத்தனை பெரிய விளம்பரத்தை ஒரு நிறுவனம் ஏன் வேண்டாம் என்றது என்பதுதான் எனக்குச் சுவாரசியம்.

நீங்களே செய்து பார்க்கலாம். வீட்டில் ஒருவரை ஸ்பீக்கருக்குப் பின்னால் நிறுத்தி, காசு சுண்டி, பூ விழுந்தால் இந்தக் கேபிள், தலை விழுந்தால் அந்தக் கேபிள் என்று மாட்டச் சொல்லுங்கள். நீங்கள் பார்க்காமல், கேட்பது எந்தக் கேபிள் என்று எழுதி வையுங்கள். பத்து முறையாவது செய்ய வேண்டும். ஐந்தாறு சரியாக வருவது குருட்டாம்போக்கிலும் வரும்.

செலவழித்தே ஆக வேண்டும் என்றால் நாலு ஜோடி பனானா பிளக் (ஒயர் முனையில் மாட்டிச் சொருகும் உலோக முனை) வாங்குங்கள். வெறும் ஒயரை முறுக்கிச் சொருகும்போது ஓர் இழை பிரிந்து பக்கத்து முனையைத் தொட்டாலும் ஆம்ப்ளிஃபயரின் அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விடலாம். அந்த ரிப்பேருக்குக் கொடுப்பதோடு பார்த்தால் பிளக் மலிவு.